நடுநிலை நாட்டுக் கப்பல்கள் பிடிக்கப்பட்டது ஏன்?

மாணவர்களே, 1812 இல் ஐக்கிய அமெரிக்கா பிரித்தானியாமீது போர் தொடுத்தமைக்குக் காரணம் கேட்டால், “கப்பல்களைக் கொள்ளையடித்தனர்” என ஒரே வரியில் முடித்துவிடுவோர் பலர். அதற்கு முழுப் புள்ளி கிடைக்காது. கடற்கொள்ளை வேறு, இது வேறு.

பாய்க்கப்பல் காலத்தில், போரிடும் நாடொன்றின் போர்க்கப்பல் நடுநிலை நாட்டு வணிகக் கப்பலை நடுக்கடலில் நிறுத்திப் பத்திரங்களைப் பரிசோதிப்பது வழமை. எதிரியின் சரக்கோ ஆயுதம் போன்ற தடைப்பொருளோ இருப்பதாகச் சந்தேகித்தால் கப்பலைத் தமது துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வர். ஆனால் பிடித்தவுடன் அது பிடித்தவருக்குச் சொந்தமாகாது. ‘பரிசு நீதிமன்றம்’ விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும். தீர்ப்புச் சாதகமாயின் கப்பலும் சரக்கும் விற்கப்பட்டுப் பணம் பங்கிடப்படும். பிரித்தானியக் கடற்படையில் 1808 வரை எட்டில் மூன்று பங்கு கப்பல் தலைவருக்குரியது (அதில் ஒன்று அவருடைய அட்மிரலுக்குப் போகும்). சாதாரண மாலுமிகள் எல்லோருக்கும் சேர்த்து எட்டில் இரண்டுதான். தலைவர்கள் ஏன் இத்தனை ஆர்வத்தோடு கப்பல்களை நிறுத்தினர் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

சமாதான காலத்தில் மூடியிருந்த வணிகத்தைப் போர்க்காலத்தில் நடுநிலையாளருக்குத் திறக்க முடியாது என்பது பிரித்தானியாவின் ‘1756 விதி’. அமெரிக்க வணிகர் இதற்கொரு வழி கண்டனர். எதிரி நாட்டுச் சரக்கை முதலில் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கித் தீர்வை செலுத்தி, பின் அமெரிக்கச் சரக்காகவே மீண்டும் ஏற்றினர். எசெக்ஸ் என்னும் கப்பல் ஸ்பானியாவின் பார்சிலோனாவிலிருந்து அமெரிக்காவின் சேலத்துக்கு வந்து, ஸ்பானியருக்குரிய ஹவானாவை நோக்கிச் செல்கையில் பிடிபட்டது. இது இரு பயணமல்ல, ஒரே பயணமே என 1805 இல் இலண்டன் மேன்முறையீட்டில் தீர்ப்பாயிற்று. முன்னறிவித்தலின்றியே அமெரிக்கக் கப்பல்கள் பல பிடிபட்டன.

அடுத்து வந்ததுதான் பெரிய இக்கட்டு. நெப்போலியன் 1806 இல் பேர்லின் ஆணையால் பிரித்தானியாவுடனான வணிகத்தைத் தடுத்தான். நெப்போலியனின் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல்கள் முதலில் பிரித்தானியத் துறைமுகத்துக்கு வந்து தீர்வை செலுத்த வேண்டும் எனப் பிரித்தானியா 1807 நவம்பரில் கட்டளையிட்டது. அவ்வாறு பணிந்த கப்பல்களைப் பிடிக்கலாம் என மிலான் ஆணை டிசம்பரில் கூறியது. பணிந்தால் பிரான்சு பிடிக்கும். பணியாவிட்டால் பிரித்தானியா பிடிக்கும். இந்த இடத்தை விடையில் கட்டாயம் விளக்குங்கள். (அமெரிக்க மாலுமிகளைப் பலவந்தமாகக் கடற்படையிற் சேர்த்தமை தனிக் காரணம், கலந்தெழுத வேண்டாம்.)

ஜனாதிபதி ஜெபர்சன் 1807 டிசம்பரில் தம் நாட்டுக் கப்பல்களே வெளிநாடு செல்வதைத் தடைசெய்தார். அதனால் அதிகம் வாடியது அமெரிக்கத் துறைமுகங்களே. 1809 இல் தடை நீக்கப்பட்டது. 1812 யூன் 16 அன்று பிரித்தானியா தன் கட்டளையை விலக்குவதாகப் பாராளுமன்றத்தில் அறிவித்தது. அச்செய்தி அத்திலாந்திக்கைக் கடக்கப் பல வாரங்கள் தேவை. யூன் 18 அன்றே அமெரிக்கா போரைப் பிரகடனம் செய்துவிட்டது.