செகண்ட் ஹேண்ட் தார், ஜிம்னி, ஜிப்ஸி வாங்கலாமா? – அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

‘சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, ஆஃப் ரோடே போனதில்லை.’ பழைய ஜீப் வகை வண்டி தேடி அலைபவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். ஐந்து வருஷச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் வால்பாறை, கொல்லிமலை, ஏலகிரி என்று கிளம்பிவிடலாம் என்ற கனவோடு வரும் இளைஞர்கள் பலர் இந்த ஒரு வரியில் விழுந்துவிடுகிறார்கள். புது வண்டியின் விலை கட்டுப்படியாகாதபோது செகண்ட் ஹேண்ட் நல்ல வழிதான். ஆனால் ஆஃப் ரோடு வண்டியை, சாதாரண காரைப் பார்ப்பதுபோல பெயின்டையும் சீட்டையும் பார்த்து வாங்கினால் நஷ்டம் நிச்சயம். இதன் உயிர் வண்டிக்கு அடியில் இருக்கிறது. பிரச்சினையும் அங்கேதான் இருக்கும்.

முதல் கேள்வி: அது நிஜமாகவே 4×4 தானா?

உயரமாக இருப்பதெல்லாம் ஆஃப் ரோடர் அல்ல. கரடுமுரடான பாதையில் போகும் வண்டிக்கு நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜினின் சக்தி போக வேண்டும். அதோடு ‘லோ ரேஞ்ச்’ எனப்படும் கூடுதல் கியர் குறைப்பும் வேண்டும். கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சின்ன லீவர் இதற்காகத்தான். அதில் ‘டூ ஹை’, ‘ஃபோர் ஹை’, ‘ஃபோர் லோ’ என்று இருக்கும்.

மஹிந்திரா தார் வாங்குபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். 2023 ஜனவரியில் 1.5 லிட்டர் டீசல் இன்ஜினோடு, பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும் தார் விற்பனைக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் 4×4 தாரின் அதே தோற்றம். நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் அது போதும். ஆனால் சேற்றிலும் மணலிலும் சிக்கினால் 4×4 செய்வதை அதனால் செய்ய முடியாது. போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காமல், ஆர்.சி.யில் உள்ள மாடல் பெயரையும், உள்ளே இருக்கும் லீவரையும் நேரில் பார்த்துவிடுவது நல்லது.

எந்த வண்டிக்கு என்ன குணம்?

பழைய தார் (2010–2020): சி.ஆர்.டி.இ. மாடலில் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் கமான் பட்டை. சி.ஆர்.டி.இ. மாடலின் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழக்கமானது. ஏர்பேக் கிடையாது. பின்னால் உட்காருபவர்கள் பக்கவாட்டு இருக்கையில் எதிரெதிரே உட்கார வேண்டும். குழந்தைகளை ஏற்றிச் செல்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

புதிய தார் (2020 அக்டோபர் முதல்): முற்றிலும் வேறு வண்டி. பின்பக்கம் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டது. 4×4 மாடலில் 2.2 லிட்டர் டீசல் அல்லது 2 லிட்டர் பெட்ரோல் டர்போ. 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது.

ஜிம்னி: 2023 ஜூனில் இந்தியாவில் வந்தது. 1.5 லிட்டர் பெட்ரோல் மட்டும். எல்லா மாடலிலும் 4×4, லோ ரேஞ்ச், ஆறு ஏர்பேக் உண்டு. எடை குறைவு என்பதால் சேற்றில் சுலபமாக மேலேறும். டீசல் தாரின் இழுவையை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

ஜிப்ஸி: 1985-ல் வந்து, 2019 வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோன வண்டி. நான்கு பக்கமும் கமான் பட்டை, எளிமையான பெட்ரோல் இன்ஜின். ரசிகர்களுக்குப் பொக்கிஷம். தினமும் ஆபீஸ் போய்வர நினைப்பவருக்கு முதுகுவலி. துரு பிடித்த பாடியைச் சரிசெய்யும் செலவு, சில சமயம் வண்டி விலையையே தொட்டுவிடும்.

வண்டிக்கு அடியில் என்ன பார்ப்பது?

ஒரு நல்ல மெக்கானிக்கையும் டார்ச் லைட்டையும் கூட்டிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்ற விற்பவர் மறுத்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஏற்றிய பிறகு இவற்றைப் பார்க்க வேண்டும்:

• சேஸி: இந்த வண்டிகள் ஏணி வடிவச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. அந்தச் சட்டத்தில் புது வெல்டிங் தடம், விரிசல், ஒரு இடத்தில் மட்டும் புதிதாக அடித்த கறுப்பு பெயின்ட் ஆகியவை இருந்தால் காரணம் கேட்க வேண்டும். சேஸி வளைந்த வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

• ஹவுசிங் ஆயில்: முன், பின் டிஃபரன்ஷியல்களின் ஆயில் பிளக்கைத் திறந்து பார்த்தால், வண்டியின் கடந்த காலம் தெரிந்துவிடும். ஆயில் டீ நிறத்தில் பால் கலந்ததுபோல் இருந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆற்றில் இறங்கிய வண்டி அது. ‘ஆஃப் ரோடே போனதில்லை’ என்ற வசனம் இந்த இடத்தில் உடைந்துவிடும்.

• ரப்பர் பூட்டுகள்: முன்சக்கர ஆக்ஸில் மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்து கிரீஸ் சிதறியிருந்தால், மூட்டுக்குள் மண் போயிருக்கும். ரப்பர் விலை குறைவு. மூட்டு விலை அப்படியல்ல.

• அடிபட்ட தழும்புகள்: இன்ஜினுக்குக் கீழே உள்ள தகட்டில் கீறல் இருப்பது தப்பில்லை, அது பாறையைத் தாங்கத்தான் இருக்கிறது. ஆனால் டீசல் டேங்க், சைலன்ஸர், கியர் பாக்ஸ் ஆகியவற்றில் பலத்த அடி இருந்தால், ஓட்டியவர் வண்டியை மதிக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

• டயர்கள்: நான்கும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். முன்னால் ஒரு அளவு, பின்னால் வேறு அளவு டயரோடு ஃபோர் வீலில் ஓட்டியிருந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் வீணாக இழுபட்டுத் தேய்ந்திருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது

வண்டியைச் சூடாக்கி வைத்துவிட்டு அழைக்கிறார்களா என்று பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து புகையைக் கவனிப்பதுதான் சரியான முறை.

அடுத்தது 4×4 சோதனை. இதைத் தார் ரோட்டில் செய்யக் கூடாது. காரணம் எளிது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் சுற்றுகின்றன. இந்த வகை 4×4-ல் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்பட்டுவிடும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல், அந்த அழுத்தம் முழுவதும் கியர்களின் மேல் விழும். அதனால் ஒரு மண் மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். ‘ஃபோர் ஹை’ போட்டு நேராக ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ‘ஃபோர் லோ’ போட வேண்டும். லீவர் விழ மறுத்தாலோ, ஓடும்போது தானாக வெளியே வந்தாலோ, கடகடவெனச் சத்தம் வந்தாலோ செலவு காத்திருக்கிறது. ‘யூஸ் பண்ணாம டைட்டா இருக்கு சார்’ என்பதும் நல்ல பதில் அல்ல. வருஷக்கணக்கில் போடாத 4×4-ம் கெட்டுத்தான் போகும்.

நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். டயரின் பேலன்ஸிங் முதல் தேய்ந்த ஸ்டீயரிங் மூட்டுகள் வரை காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அவற்றில் பல, சுத்தம் செய்யப்பட்டு வேறு ஊர்களில் விற்பனைக்கு வருவது வழக்கம். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். சீட் தண்டவாளத்தின் திருகுகளில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், வயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு ஆகியவை மூழ்கியதற்கான அடையாளம். இத்தனை தைரியமாகத் தண்ணீரில் இறங்கும் வண்டிதானே என்று நினைக்க வேண்டாம். தாரின் நீர் கடக்கும் திறன் 650 மி.மீ. மட்டுமே. அதற்கு மேல் எல்லாமே சூதாட்டம்.

‘மாடிஃபை’ பண்ணின வண்டி: அழகா, ஆபத்தா?

பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், முன்னால் இரும்பு பம்பர், கூரையில் வரிசையாக விளக்கு. பார்க்கக் கம்பீரம்தான். சட்டம் வேறு சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்திவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாற்றியவர் முந்தைய ஓனர் என்றாலும், ரோட்டில் நிறுத்தப்படுபவர் புதிய ஓனர்தான்.

இன்சூரன்ஸும் சிக்கலாகும். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி க்ளெய்ம் மறுக்கப்படலாம். ஆகவே ‘இரண்டு லட்சம் செலவு பண்ணிருக்கேன் அண்ணே’ என்பதை விலையில் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. கழட்டி ஒரிஜினலுக்குக் கொண்டுவரும் செலவைக் குறைத்துக் கேட்பதே நியாயம்.

‘டெல்லி வண்டி’ ஏன் மலிவு?

டெல்லி தலைநகரப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பிறகு 2025-ல் நீதிமன்ற உத்தரவுகள் இந்தக் கெடுபிடியைத் தளர்த்தின. எப்படியிருந்தாலும், அங்கிருந்து குறைந்த விலையில் வண்டிகள் தெற்கே வருவது நீண்டநாள் வழக்கமாகிவிட்டது.

விலையை மட்டும் பார்க்கக் கூடாது. அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (படிவம் 28), தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு, புது நம்பர் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். தடையில்லாச் சான்று கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கவே கூடாது.

பெயர் மாற்றம்: யாருக்கு ஆபத்து?

‘ஓப்பன் படிவத்துல கையெழுத்து வாங்கிக்கலாம், அப்புறம் மாத்திக்கலாம்’ என்பது இரு தரப்புக்கும் பொறி. பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே ‘ஓனர்’, இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பல வருஷமானவரும் இதில் மாட்டிக்கொள்ளலாம்.

• ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களிலும், வாங்குபவர் 30 நாட்களிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 தேவை.
• வண்டி கடனில் வாங்கியது என்றால், கடன் முடிந்ததற்கான படிவம் 35-ம் வங்கிக் கடிதமும் வேண்டும்.
• பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டு, கடன், நிலுவை அபராதம், ஃபிட்னஸ், எத்தனையாவது ஓனர் என்பதைச் சரிபார்க்க வேண்டும். சேஸி நம்பரை வண்டியிலும் ஆர்.சி.யிலும் ஒப்பிட வேண்டும்.
• இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். மூன்றாம் நபர் பாதுகாப்பு தானாக வந்துவிடும். சொந்த வண்டியின் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. நோ க்ளெய்ம் போனஸ் விற்பவருக்கே சொந்தம்.

விலை பேசும்போது ஒரு கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் புதிய வண்டிகளின் ஜி.எஸ்.டி. குறைந்தது. 4×4 டீசல் தாருக்கு செஸ் சேர்த்து 48% ஆக இருந்த வரி 40% ஆனது. 1.5 லிட்டர் டீசல், பின்சக்கர இயக்க தாருக்கு 31%-லிருந்து 18%. அதற்கு முன் வாங்கியவர் தான் கொடுத்த பழைய ஆன் ரோடு விலையிலிருந்து கழித்துத்தான் சொல்வார். வாங்குபவர் இன்றைய புது விலையிலிருந்து கழிக்க வேண்டும். சில சமயம் இரண்டு வருஷ வண்டிக்கும் புதிதுக்கும் உள்ள வித்தியாசம், வாரண்டியை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இருக்காது.

வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் என எல்லா ஆயிலையும் மாற்றிவிட்டால், கணக்கு புதிதாகத் தொடங்கும். மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் 4×4 போட்டு ஓட்ட வேண்டும். பி.எஸ்-6 டீசல் வண்டியைத் தினமும் மூன்று கிலோமீட்டர் டிராஃபிக்கில் மட்டும் ஓட்டினால், புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலை ஓட்டம் அதற்கு மருந்து. இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு இணைப்பு எடுத்துக்கொள்வது நல்லது. பந்தயத்துக்கும் போட்டிக்கும் சாதாரண பாலிசி பொருந்தாது.

எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி வண்டி இறக்குவது குற்றம். தூத்துக்குடி தேரிக்காட்டில் குதிரைமொழித் தேரி போன்ற பகுதிகளும் காப்புக்காடுதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் முட்டையிடும் கடற்கரைகளில் டயர் தடம் பதிப்பது, ரீல்ஸுக்கு அழகாக இருக்கலாம், மணலுக்கு அடியில் இருக்கும் முட்டைகளுக்கு அழிவு.

பட்ஜெட் போடும்போது மொத்தப் பணத்தையும் வண்டி விலைக்கே வைத்துவிடாமல், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், முதல் சர்வீஸ் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு தொகையை ஒதுக்கிவிட வேண்டும். அந்தத் தொகை இல்லையென்றால், இன்னும் ஆறு மாதம் சேர்த்துவிட்டுப் போகலாம். மலை எங்கேயும் போய்விடாது.