மலைப்பாதை நடைப்பயணம் செல்லுமுன் அறிய வேண்டியவை: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதித் தொழிலாளர்களுக்கான விளக்கம்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளைஞர்களிடையே மலைப்பாதை நடைப்பயணம் அண்மைக் காலத்தில் பெரிதும் பரவியுள்ளது. சனிக்கிழமை பணி முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேன் பிடித்து ஜவ்வாது மலைக்கோ கொல்லிமலைக்கோ பர்வதமலைக்கோ புறப்படுகின்றனர். ஞாயிறு நள்ளிரவில் விடுதிக்குத் திரும்பி, திங்கள் காலை முதல் ஷிப்டுக்குச் சென்றுவிடுகின்றனர். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நின்று, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் உடலுக்குக் காட்டுப் பள்ளத்தாக்குகளிலும் பழைய மலைக் கிராமங்களிலும் நடப்பது நன்மை தருவது. மருத்துவர் என்ற முறையில் இதை ஊக்குவிக்கவே விரும்புகிறேன். ஆனால் இப்பயணங்களுக்குப் பின் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரின் தொல்லைகளில் பெரும்பாலானவை புறப்படும் முன்பே தவிர்த்திருக்கக் கூடியவை. ஒருசில, காலத்தில் கண்டறியாவிடில் உயிருக்கே ஆபத்தானவை.

அருகிலேயே உள்ள பாதை

மலை என்றதும் தொலைவை நினைக்க வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அப்பால், காப்புக் காட்டின் ஓரத்தில் குடியம் என்ற சிற்றூர் உள்ளது. அங்கிருந்து காட்டு வழியே நடந்தால் தொல் மாந்தர் வாழ்ந்த பாறைக் குடைவுகளை அடையலாம். 1863இல் பல்லாவரத்திலும், அதே ஆண்டில் குடியத்திற்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிகளே இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்குத் தொடக்கம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. இப்பாதைகளுக்கு இணையவழியில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன் வருவார்.

ஒரு செய்தியைக் கவனியுங்கள். தொல் மாந்தர் கருவி செய்யப் பயன்படுத்திய உருண்டைக் கூழாங்கற்களே இன்றும் அந்நிலத்தில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின்மீது கால் வைத்தால் கல் உருளும், கணுக்கால் மடங்கும். தொழிற்சாலையில் தரப்படும் பாதுகாப்புக் காலணியையே அணிந்து மலைக்குச் செல்வோரை நான் கண்டிருக்கிறேன். அது முன்புறம் இரும்புத் தகடு கொண்டது, கனமானது, எளிதில் வளையாதது. மேலிருந்து பொருள் விழுந்தால் விரலைக் காப்பதற்காக வடிவமைக்கப்பட்டதே அன்றி, மேடுபள்ளத்தில் நடப்பதற்கன்று. இறக்கத்தில் விரல்கள் தகட்டில் மோதி நகம் கருத்துவிடும். பிடிமானமுள்ள அடிப்பகுதி கொண்ட, ஏற்கெனவே சில நாட்கள் அணிந்து பழகிய காலணியே ஏற்றது.

கணுக்கால் பிசகினால் முதல் 2 நாட்களுக்கு எண்ணெய் தேய்த்து இழுத்து 'சுளுக்கு எடுக்க' வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, துணிப்பட்டை சுற்றுங்கள். நான்கு அடி கூட எடுத்து வைக்க இயலாவிட்டால் எலும்பு முறிவு இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மூச்சு வாங்குவது உயரத்தாலா?

'மேலே ஆக்சிஜன் குறைவு, அதனால்தான் மூச்சு வாங்கியது' என்று பலர் கூறுகின்றனர். இது சரியன்று. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தோன்றும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஜவ்வாது மலையும் கொல்லிமலையும் அதில் ஏறத்தாழப் பாதி. எனவே இம்மலைகளில் உடன் வருவோர் இயல்பாக நடக்கும்போது உங்களுக்கு மட்டும் மூச்சுத் திணறினால் காரணம் உங்கள் உடலில்தான் இருக்கிறது.

நம் பகுதியில் அக்காரணம் பெரும்பாலும் இரத்தசோகை. விடுதிகளில் தங்கி மின்னணுத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளம்பெண்கள் காலை உணவைத் தவிர்ப்பதும், தேநீரோடு பொழுதை ஓட்டுவதும் வழக்கமாகிவிட்டது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. வேலைத்தளத்தில் நிற்கும்போது தெரியாத குறை, ஏற்றத்தில் இதயம் இருமடங்கு உழைக்கும்போது வெளிப்படும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம்.

40 வயதைக் கடந்தவர்கள், புகைப்பவர்கள், சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வேறு விதத்தில் எச்சரிக்கை கொள்ள வேண்டும். கோவை வெள்ளியங்கிரி மலையேற்றத்தில் நெஞ்சுவலியாலும் மூச்சுத்திணறலாலும் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். தனக்கு இரத்த அழுத்தம் இருப்பதையே அறியாதவர் பலர். தொழிற்சாலைகளுக்கே வரும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' முகாமில் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடையில் வலி, காரணமற்ற வியர்வை ஆகியவை தோன்றினால் 'இன்னும் கொஞ்சம்தான்' என்று எண்ணாமல் அங்கேயே உட்காருங்கள். உச்சி இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரவுப் பணியும் உறக்கமும்

இரவு ஷிப்ட் முடித்து நேரே வேனில் ஏறுவதே இப்பயணங்களின் மிகப் பெரிய ஆபத்து என்று கருதுகிறேன். பாம்புக்கு அஞ்சுவோர் உறக்கமின்மைக்கு அஞ்சுவதில்லை. 24 மணி நேரம் உறங்காதவரின் கவனமும் வேகமும் மது அருந்தியவருடையதைப் போல் குறைந்துவிடும். பாறையில் கால் தவறுவதும், திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் கண்ணயர்வதும் இதனால்தான். நண்பர்களில் ஒருவரே வண்டி ஓட்டுவதாயின், அவர் முந்தைய இரவு முழுமையாக உறங்கியவராக இருக்க வேண்டும்.

வெப்பமும் நீரும்

ஏற்றத்தில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை வியர்வை வெளியேறலாம். வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் ஏற்படும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கலந்து கொண்டு செல்லுங்கள். கலந்ததை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். உப்பிட்ட மோரும் நல்லதே. வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காகப் பெண்கள் நீர் அருந்தாமலே நடப்பதை அறிவேன். இது வெப்பத் தாக்கத்தையும் சிறுநீர்த் தொற்றையும் ஒருங்கே வரவழைக்கும். ஒதுங்க இடமும் நேரமும் ஒதுக்குவது குழுவினர் அனைவரின் பொறுப்பு.

வெயிலில் நடப்பவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெப்பவாதம். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். உடலைக் குளிர்விப்பதைத் தொடங்கிவிட்டே ஊர்தியைத் தேடுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் புகட்டாதீர்கள்.

கோடையைப் பற்றி மற்றொன்று. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் நடைப்பயணிகள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். ஏறி ஓடித் தப்ப இயலாது. வனத்துறை காட்டுத்தீக் காலத்தில், பொதுவாகப் பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, பாதைகளை மூடுவது இதனாலேயே. அனுமதியின்றிக் குறுக்கு வழியில் செல்லும் குழு எங்கிருக்கிறது என்பதே மீட்க வருவோருக்குத் தெரியாது.

பாம்புக்கடி

கடித்த இடத்திற்கு மேல் இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய மூன்றும் தீங்கே செய்யும். கடிபட்டவரை அமைதிப்படுத்தி, மோதிரம், கொலுசு, காலணி ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை மரச்சிம்பு வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108ஐ அழையுங்கள். பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிற்கும் ஒரே நச்சுமுறிவு மருந்துதான். அது அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இம்மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியை, நமக்கு வெகு தொலைவில் இல்லாத வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினரே எடுத்துத் தருகின்றனர்.

மலைக் கிராமங்களில் இரவு தங்குவோர் கட்டுவிரியனை நினைவில் கொள்ள வேண்டும். தரையில் உறங்குவோரை இரவில் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியற்காலை வயிற்றுவலி, பின்னர் இமை சரிதல், நாக்குழறல். இதை உணவு ஒவ்வாமை என எண்ணிக் காலங்கடத்தியதால் உயிரிழந்தவர்கள் உண்டு. கட்டிலோ, விளிம்புகளைப் பாய்க்கு அடியில் செருகிய கொசுவலையோ நல்ல பாதுகாப்பு.

பத்து நாள் கழித்து வரும் காய்ச்சல்

மேற்கூறியவை மலையிலேயே தெரிந்துவிடும். இது அப்படியன்று. ஒரு நிகழ்வைக் கூறுகிறேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பணிபுரியும் 24 வயது இளைஞர் ஒருவர் கடும் காய்ச்சலோடும் தலைவலியோடும் என்னிடம் வந்தார். ஐந்து நாட்களாக வேறிடத்தில் தொண்டைத் தொற்றுக்கென மாத்திரை எடுத்திருந்தார், குறையவில்லை. டெங்கு பரிசோதனை இல்லை என்று வந்தது. நெஞ்சையும் வயிற்றையும் சோதித்தேன், சேர்த்துக்கொண்டேன். மறுநாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. உடைமாற்ற உதவிய செவிலியர்தான் இடுப்பு பெல்ட்டின் அடியில் இருந்த கறுத்த புண்ணைக் கண்டு என்னை அழைத்தார். சிகரெட் சுட்ட தழும்பு போன்றது, வலியில்லாதது. பெல்ட்டைத் தளர்த்திப் பார்க்க முதல் நாள் நான் தவறியிருந்தேன். அவர் ஜவ்வாது மலைக்குச் சென்று திரும்பிப் பதினாறு நாட்கள் ஆகியிருந்தன. நான் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. உரிய மருந்து கொடுத்த இரண்டாம் நாளில் காய்ச்சல் இறங்கியது. ஒரு வாரத்தில் வீடு திரும்பினார்.

அது ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல் என்றும் கூறுவர். புல்லிலும் புதரிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைப் பூச்சியின் இளம்புழு கடிப்பதால் பரவுகிறது. கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்பு ஆகிய மறைவிடங்களில் கறுத்த பொருக்கு காணலாம், அனைவருக்கும் இராது. வழக்கமாகத் தொண்டைத் தொற்றுக்குத் தரப்படும் அமாக்சிசிலின் இதற்குப் பயன்படாது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் விரைவில் குணமாக்கும், இவை விலை குறைந்தவை. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படலாம். மழைக்காலத்திலும் அதை அடுத்த குளிர்மாதங்களிலும் வட மாவட்டங்களில் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. மலைக்குச் செல்லாதவருக்கும், விடுதிக்குப் பின்னால் உள்ள புதர்க்காட்டில் ஒதுங்கியவருக்கும் வந்ததுண்டு.

முழுக்கை, முழுக்கால் ஆடை அணிந்து, கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகுங்கள். புல்லின்மேல் நேரடியாக உட்காரவோ ஆடையை உலர்த்தவோ வேண்டாம். பூச்சி விரட்டிக் களிம்பைக் கணுக்காலிலும் இடுப்பிலும் தடவுங்கள். திரும்பியவுடன் சோப்பிட்டுக் குளித்து, அணிந்த ஆடைகளை வெந்நீரில் துவையுங்கள். முன்னெச்சரிக்கை என்று கருதி நீங்களாக டாக்ஸிசைக்ளின் வாங்கி விழுங்காதீர்கள்.

மலைத்தேனீ, அட்டை

பாறைக் குடைவுகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். புகை, வாசனைத் தைலம், கூச்சல் ஆகியவை அவற்றைச் சீண்டும். கொட்டினால் முகத்தை மூடிக்கொண்டு அவ்விடத்தை விட்டு விரைவாக விலகுங்கள். உடலெங்கும் தடிப்பு, குரல் கம்மல், மூச்சிரைப்பு தோன்றினால் நிமிடங்களில் மருத்துவ உதவி தேவை. அட்டை கடித்தால் அஞ்ச வேண்டியதில்லை, நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டுக் கழுவினால் போதும்.

அங்கு வாழ்வோர்

ஜவ்வாது மலையில் மக்கள் 'குள்ளர் குகை' என்றழைக்கும் பெருங்கற்காலக் கற்திட்டைகளைக் காணச் செல்வோர், வழியில் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களைக் கடந்தே செல்வர். நீங்கள் குளிக்க விரும்பும் சுனை அவர்களுடைய குடிநீராக இருக்கலாம். அதில் சோப்பு பயன்படுத்த வேண்டாம், அருகில் மலம் கழிக்கவும் வேண்டாம். நீங்களும் ஓடை நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். காய்ச்சலோ இருமலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மருத்துவமனைக்குப் போக மலை இறங்க வேண்டிய ஊர்களுக்கு நோயைக் கொண்டுசெல்வது தகாது.

புறப்படுமுன் எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள் என்பதை விடுதிக் காப்பாளரிடமோ வீட்டிலோ எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான பள்ளத்தாக்குகளில் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. திரும்பிய பின் ஐயங்களுக்கு 104ஐ அழைக்கலாம். மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எந்த மருத்துவரிடம் சென்றாலும், அவர் கேட்காவிடினும், எந்த மலைக்கு எந்தத் தேதியில் சென்றீர்கள் என்பதை முதலிலேயே கூறுங்கள். பெல்ட்டின் அடியையும் காட்டுங்கள்.