கருந்துளைக்கு எடை போட்ட கதை

சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் எச்.டி.இ. 226868 என்றொரு நீலப் பெருவிண்மீன் இருக்கிறது. சின்னத் தொலைநோக்கியிலேயே தெரியும். 5.6 நாளுக்கு ஒருமுறை அது ஒரு வட்டம் அடிக்கிறது. கூடவே சுற்றும் ஜோடி மட்டும் கண்ணில் படுவதில்லை. ஆனால் அங்கிருந்து எக்ஸ் கதிர்கள் கொட்டுகின்றன. 1964-லேயே ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய கருவி அவற்றைப் பிடித்துவிட்டது. அதுதான் சிக்னஸ் எக்ஸ்-1.

காணாத ஜோடியின் நிறையைக் காணும் விண்மீனின் அசைவிலிருந்துதான் கறக்க வேண்டும். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும். விலகும்போது சிவப்புப் பக்கம். 1971-ல் இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டரும் பால் முர்டினும், கனடாவில் டாம் போல்ட்டனும் தனித்தனியே இதை அளந்தார்கள். இன்றைய கணக்கில் வேகம் நொடிக்குச் சுமார் 75 கிலோமீட்டர்.

வேகமும் சுற்றுக்காலமும் கிடைத்துவிட்டால் ஜோடியின் குறைந்தபட்ச நிறை கைக்கு வந்துவிடும். வந்த விடை? சூரியனில் கால்பங்கு! நியூட்ரான் விண்மீன்களே ஏறத்தாழ 3 சூரிய நிறைவரை தாங்கும் என்கிறபோது, கால்பங்கை வைத்துக்கொண்டு கருந்துளை என்று எப்படிச் சொல்வது? வி404 சிக்னி என்ற இன்னொரு ஜோடியில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே துணை விண்மீன் சிறியது. குறைந்தபட்ச நிறையே சூரியனைப்போல் 6 மடங்குக்கு மேல். வாதம் அத்தோடு முடிந்தது. துணை பெருவிண்மீனாக இருந்தால்தான் தலைவலி: அதன் நிறை தெரியாமல் மற்றதன் நிறை தெரியாது.

சுற்றுப்பாதையின் சாய்வும் தெரிய வேண்டும். கருந்துளையின் ஈர்ப்பில் விண்மீன் முட்டைபோல இழுபட்டிருக்கிறது. அதனால் ஒரு சுற்றுக்கு இருமுறை ஒளி லேசாகக் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் சாய்வைக் காட்டிக்கொடுக்கிறது: சுமார் 27 பாகை. பாதையை ஏறக்குறைய மேலிருந்து பார்க்கிறோம். ஆகவே உண்மை வேகத்தில் பாதிகூட நம் கருவிக்கு எட்டுவதில்லை.

சிக்னஸ் எக்ஸ்-1 கருந்துளை அல்ல என்று 1974-ல் சக இயற்பியலாளர் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டிய ஸ்டீபன் ஹாக்கிங், 1990-ல் தோல்வியை ஒப்புக்கொண்டார். நிறைக் கணக்கு மட்டும் ஓயவில்லை. 2011-ல் சொன்ன விடை 14.8 சூரிய நிறை. 2021-ல் ஜேம்ஸ் மில்லர்-ஜோன்ஸ் குழு ரேடியோ தொலைநோக்கிகளால் தூரத்தை மறுபடி அளந்தது. சுமார் 6,000 ஒளியாண்டு என்றிருந்தது 7,200 ஆனது. தூரம் கூடினால் விண்மீனின் உண்மையான பிரகாசம் கூடும். பிரகாசம் கூடினால் அதன் உருவமும் நிறையும் கூடும். கருந்துளையின் நிறையும் கூடவே ஏறும். புதிய விடை 21.2, முன்பின் 2.2.

கோட்பாட்டாளர்களுக்கு இது புது வேலை வைத்தது. பெருவிண்மீன்கள் வாழ்நாள் முழுக்கத் தம் பொருளைக் காற்றாக வீசி இழப்பவை. இவ்வளவு கனமான கருந்துளை மிஞ்ச வேண்டுமானால், அந்தக் காற்று அவர்கள் கணித்ததைவிட மெலிதாகவே வீசியிருக்க வேண்டும்.