ஊர் வழக்கமா? நியாயமா?

மட்டாஞ்சேரியில் பல மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் உண்டு.

தமிழரில் பலர் மாமன் மகளைக் கட்டுவார்கள். அது முறை என்பார்கள். குஜராத்தி இந்துக்களில் பலருக்கு மாமன் மகள் தங்கை முறை. அந்தக் கல்யாணத்தை அவர்கள் தவறு என்பார்கள்.

இதில் யார் சொல்வது சரி? அவரவர் வழக்கம் அவரவருக்குச் சரி என்போம். அப்படியானால், ஊர் ஒப்புக்கொண்டால் எதுவும் சரியாகிவிடுமா?

ஃபோர்ட் கொச்சியில் படகு ஏறினால் எதிர்க்கரை வைப்பின். அந்தத் தீவின் வடக்கே செராய் என்ற ஊர் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஈழவர்கள் புலையரோடு சேர்ந்து உண்ண மாட்டார்கள். தீட்டு என்பார்கள். அதே ஈழவர்களை மேல்சாதியார் தீட்டு என்று ஒதுக்கினார்கள். அது ஈழவருக்கு வலித்தது. ஆனாலும் தங்களுக்குக் கீழே இருந்தவர்களை அவர்களும் ஒதுக்கினார்கள். கேட்டால், ஊர் வழக்கம் என்றார்கள்.

அய்யப்பன் அந்த ஊர்க்காரர். ஈழவர் குடும்பத்தில் 1889இல் பிறந்தவர். 1917ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் அவர் ஒரு விருந்து நடத்தினார். ஈழவரும் புலையரும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள்.

ஊர் கொதித்தது. சொந்தச் சாதியாரே அவரை ஒதுக்கினார்கள். 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். நாராயண குரு அவருக்குத் துணை நின்றார். பின்னர் மக்கள் அவரைச் 'சகோதரன் அய்யப்பன்' என்று அன்போடு அழைத்தார்கள்.

1950இல் நம் நாட்டின் அரசியல் சட்டம் நடப்புக்கு வந்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது.

ஊர் வழக்கம் என்றார்களே, ஊர் என்றால் யார்? புலையரும் அந்த ஊர்க்காரர்கள்தானே! அவர்களை யாரும் கேட்கவில்லை. வழக்கத்தால் யாருக்கு வலிக்கிறதோ, அவரைக் கேட்க வேண்டும். அப்போதுதான் நியாயம் தெரியும்.

மாமன் மகளைக் கட்டுவது ஒரு வழக்கம். அதனால் யாருக்கும் தாழ்வு இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு விருப்பம் இல்லாவிட்டால்? அவளையும் கேட்க வேண்டும் அல்லவா?

பேசிப் பார்ப்போம்:
1. நம் வீட்டில் உள்ள வழக்கங்கள் எவை?
2. அவற்றில் எது யாருக்கு வலிக்கிறது?
3. அவரை நாம் கேட்டிருக்கிறோமா?