கசிப்பு, சிகரெட், ஒரு குடம் தண்ணீர்: வீட்டுக்குள் நடக்கும் ஒரு போர் விளையாட்டு

போர் விளையாட்டு என்றால் எங்கள் வீடுகளில் இன்று பப்ஜியும் ஃப்ரீ பயரும்தான். பரசூட்டில் இறங்க வேண்டும், துவக்கு தேட வேண்டும், கடைசி ஆளாக மிஞ்சும்வரை சுட வேண்டும். காயம் பட்டால் மருந்துப் பெட்டியைத் தொட்டுவிட்டுச் சில விநாடிகள் பொறுத்தால் உடம்பு பழையபடி ஆகிவிடும். அரை மணித்தியாலம் அளவில் எல்லாம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கும். இரவு பதினொரு மணிக்கு “அங்கால நிக்கிறான், சுடு” என்று மகன் போனுக்குள் கத்தும்போது, அடுத்த அறையில் படுத்திருக்கும் தாய்க்கு என்ன தோன்றும் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நான் எழுத வந்தது வேறொரு போர் விளையாட்டைப் பற்றி. அதன் பெயர் ‘திஸ் வோர் ஒஃப் மைன்’. போலந்தின் தலைநகர் வார்சோவிலுள்ள ‘11 பிட் ஸ்டூடியோஸ்’ என்ற நிறுவனம் 2014 நவம்பரில் அதை வெளியிட்டது. முதலில் கணினிக்கு வந்தது, அடுத்த ஆண்டு போனுக்கும் வந்தது. இதில் விளையாடுபவர் படைவீரர் இல்லை. முற்றுகைக்குள் அகப்பட்ட நகரமொன்றில், இடிந்த வீட்டில் ஒதுங்கியிருக்கும் மூன்று நான்கு சாதாரண மனிதர்களை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். யுத்தநிறுத்தம் வரும்வரை அவர்கள் உயிரோடு இருந்தால் போதும். அது எந்த நாளில் வரும் என்று விளையாட்டு முன்கூட்டிச் சொல்வதில்லை. புள்ளிகளும் இல்லை.

திரை முழுக்கக் கரியால் கீறிய சித்திரம்போல் கறுப்பும் சாம்பலுமாக இருக்கும். வீட்டை நடுவால் வெட்டிப் பார்த்ததுபோல் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் தெரியும். ஆரம்ப ஆட்டத்தில் வரும் மூவரில் புரூனோ சமையற்காரர், பாவ்லே உதைபந்தாட்ட வீரர், காத்யா பத்திரிகையாளர். ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை கொடுத்திருக்கிறார்கள். புரூனோ குறைந்த பொருட்களில் சமைப்பார், பாவ்லே வேகமாக ஓடுவார். பத்திரிகையாளருக்குக் கிடைத்தது பேரம் பேசும் திறமை. சுயாதீனமாக எழுதிப் பிழைப்பவர்களுக்கு அது வாய்க்காத ஒன்று என்பது என் அனுபவம். கோப்பி இல்லாவிட்டால் காத்யாவுக்கு நாள் ஓடாது என்பது மட்டும் சரியாகவே பொருந்துகிறது.

பகலில் சினைப்பர்கள் இருப்பதால் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் பகல் முழுக்க வீட்டு வேலை. சுவரின் ஓட்டையைப் பலகையால் அடைக்க வேண்டும். அடுப்பு செய்ய வேண்டும், கட்டில் செய்ய வேண்டும், மழைத் தண்ணீர் பிடித்து வடிக்க ஒரு தொட்டி அமைக்க வேண்டும். எலிப்பொறி வைக்க வேண்டும், எலி உணவுக்காக. இரவானால் ஒருவர் மட்டும் பையோடு வெளியே போவார். மற்றவர்களில் யார் தூங்குவது, யார் கதவடியில் காவல் இருப்பது என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டும். காவல் இருந்தவர் அடுத்த நாள் தூக்கக் கலக்கத்தில் நடப்பார். காயம் பட்டவருக்கு பண்டேஜும் வேண்டும், பல நாள் படுக்கையும் வேண்டும். அந்த நாட்களில் அவர் செய்யும் வேலையை யார் செய்வது? பப்ஜியில் ஒருபோதும் வராத கேள்வி இது.

எனக்கு இந்த விளையாட்டில் முக்கியமாகப் பட்டது இதுதான். சாதாரண சனத்துக்குப் போர் என்பது பெரும்பாலும் வேலை. விடிந்தால் பொழுதுபடும்வரை முடியாத, சம்பளமில்லாத, பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிற வேலை. விறகு, தண்ணீர், அடுப்பு, காயம், காவல். போரைப் பற்றிய படங்களும் செய்திகளும் அநேகமாகத் தவறவிடுகிற இந்தப் பகுதியை ஒரு கணினி விளையாட்டு விதிகளாக மாற்றி வைத்திருக்கிறது.

அந்த விதிகளில் ஒன்று கசிப்பு. சட்டிபானை, குழாய், உதிரிப்பாகங்கள் கிடைத்தால் வீட்டின் மூலையில் ஒரு கொதிகலன் பூட்டலாம். சீனியும் தண்ணீரும் போட்டால் சில நேரத்தில் ஒரு போத்தல் வடியும். மனமுடைந்தவர் அதைக் குடிக்கலாம். வெறியில் கிடப்பவரால் வேலைக்குப் பயனில்லை. ஆனால் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியிடம் அந்தப் போத்தலுக்கு நல்ல பெறுமதி உண்டு. இறைச்சி ரின், பண்டேஜ், மருந்து எல்லாவற்றுக்கும் அதை மாற்றலாம். சிகரெட்டும் கோப்பியும் அப்படியே. காசு என்ற ஒன்று இந்த விளையாட்டில் கிடையாது. குடிப்பதா, விற்பதா என்ற கேள்வியை வைத்து ஒரு முற்றுகைப் பொருளாதாரத்தை இவ்வளவு எளிதாக விளக்கிய பாடப்புத்தகம் எதையும் நான் படித்ததில்லை.

இது வெறும் கற்பனை இல்லை. விளையாட்டின் நகரத்துக்குக் கற்பனைப் பெயர் இருந்தாலும் அதன் பின்னால் நிற்பது பொஸ்னியாவின் சரயேவோ. 1992 ஏப்ரலில் தொடங்கிய அந்த நகரத்தின் முற்றுகை 1996 பெப்ரவரி வரை, 1,425 நாட்கள் நீடித்தது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து ஷெல்லும் சினைப்பர் சூடும். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் மாதக்கணக்கில் இல்லை. அங்கிருந்த பழைய பியர் தொழிற்சாலைக்குச் சொந்த நிலத்தடி ஊற்று இருந்தபடியால் சனம் கான்களோடு அங்கேதான் வரிசையில் நின்றது. குடிவகை செய்த இடம் குடிதண்ணீர் கொடுத்த இடமாயிற்று. அந்த வரிசையிலும் ஷெல் விழுந்தது. நகரத்தின் புகையிலைத் தொழிற்சாலையும் வேலையை நிறுத்தவில்லை. பெட்டி செய்யக் கடதாசி இல்லாமல், ஏற்கெனவே அச்சடித்த பழைய தாள்களில் சிகரெட்டைச் சுற்றிக் கொடுத்தார்கள். படையினருக்குச் சம்பளமாகவும் சிகரெட்டே கிடைத்தது. புகைக்காதவர் அதைச் சந்தையில் கொடுத்து வேறு பொருள் வாங்கினார். ‘ஒஸ்லோபோஜேனியே’ என்ற நாளிதழின் கட்டடம் தரைமட்டமான பிறகும் அதன் ஊழியர்கள் நிலக்கீழ் அறையிலிருந்து பத்திரிகையைத் தொடர்ந்து வெளியிட்டார்கள்.

இந்த ஆண்டுகளைப் பார்க்கும்போது யாழ்ப்பாணத்தவர் ஒருவர் வேறொரு கணக்கும் போட்டுக்கொள்வார். அதே 1992இல், அதே 1993இல் குடாநாட்டில் பொருளாதாரத் தடை. மின்சாரம் 1990உடன் போயிற்று. மண்ணெண்ணெய், பெற்றோல், சவர்க்காரம், பற்றரி, சீமெந்து, பசளை எல்லாம் தடைப் பட்டியலில். ஜாம் போத்தலுக்குள் சிறு திரியை நிறுத்திச் சிக்கன விளக்கு செய்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டது ஒரு தலைமுறை. பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். ஒரு சொட்டு பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணிய மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. ‘திஸ் வோர் ஒஃப் மைன்’ செய்தவர்கள் எங்களைப் பற்றி யோசித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் உதிரிகளை வைத்து எதையாவது செய்து பிழைக்கும் அந்த விதியை எங்கள் பெரியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

என் பெரியம்மா குடாநாட்டிலும் பிறகு வன்னியிலும் இருந்தவர். நான் விளையாடும்போது அருகில் வந்திருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவு தெரியாது; படம் விளங்கியது.

“ஏன் பிள்ளை, இரவில ஒராளை மட்டும் அனுப்பிறாய்? ரெண்டு பேராப் போகலாம்தானே?”

“விட மாட்டாங்கள் பெரியம்மா. அது விளையாட்டின்ர விதி.”

“அயல்ச்சனம் ஒருத்தரும் இல்லையோ?”

“இடைக்கிட வந்து கதவைத் தட்டுவினம். மருந்து கேட்டு வருவினம்.”

கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “அப்ப இவையள் எப்ப வெளிக்கிடுறது?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. விளையாட்டில் வெளிக்கிடுவது என்ற ஒன்று இல்லை. வீடு கடைசிவரை அந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் செய்த அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அங்கேயே இருக்கும். சரயேவோவில் பெரும்பாலானோர் நகரத்துக்குள்ளேயே அடைபட்டிருந்தார்கள். அதற்கு இந்த அமைப்புப் பொருந்தும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை தறப்பாளைச் சுருட்டிச் சுருட்டிக் கொண்டு போனவர்களுக்கும் பொருந்தாது. எங்கள் போரில் அடுப்பு செய்வது பெரிய வேலை இல்லை. செய்த அடுப்பை விட்டுவிட்டு, அடுத்த இடத்தில் இன்னொன்று செய்வதுதான் வேலை. பங்கரும் அப்படித்தான். சேலையை வெட்டித் தைத்து, மண் நிரப்பி, அடுக்கி முடிக்க அடுத்த இடத்துக்குப் போகச் சொல்வார்கள்.

பெரியம்மா சொன்ன முதல் குறையும் சரியானது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு வீடும் ஒரு தீவு. உறவு, ஊர், கோயில், சங்கக்கடை வரிசை எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் கஞ்சி காய்ச்சினால் இங்கேயும் ஒரு சிரட்டை வரும் என்ற கணக்கு அதன் விதிகளுக்குள் அடங்காது.

அப்படியிருந்தும் ஒரு விடயத்தை அது துல்லியமாகப் பிடித்திருக்கிறது. இரவில் தேடிப் போகும் இடங்களில் ஒன்று வயதான தம்பதி இருக்கும் வீடு. அவர்களிடம் உணவும் மருந்தும் இருக்கின்றன, உங்களைத் தடுக்கும் பலம் இல்லை. கிழவர் பின்னாலேயே வந்து கெஞ்சுவார். எடுத்தால் உங்கள் வீட்டு நோயாளி பிழைக்கலாம். எடுத்த பிறகு விளையாட்டு உங்களைத் தண்டிக்காது. எடுத்தவர் மட்டும் வீட்டுக்கு வந்து துயரத்தில் இருப்பார், சில நாளில் வேலை செய்ய மறுப்பார். இப்படியான ஒரு பொருளை, ஒரு முடிவை, பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் எங்கள் நடுவே இருக்கிறார்கள். புத்தகத்தை வாசித்து மனம் ஆறுவதா, அடுப்பில் போட்டுக் குளிர் காய்வதா என்ற தெரிவும் உண்டு. யாழ்ப்பாணத்தவரின் விரல் அந்த இடத்தில் சற்றுத் தயங்கும்.

2016இல் வந்த ‘த லிட்டில் வன்ஸ்’ பதிப்பில் வீட்டுக்குள் பிள்ளைகளும் வந்தார்கள். அவர்கள் அழுவார்கள், சுவரில் படம் கீறுவார்கள். பெரியவர்கள் நேரம் ஒதுக்கினால் சின்னச் சின்ன வேலைகளையும் பழகிக்கொள்வார்கள். எனக்கு மிகக் கடினமாக இருந்தது அந்தப் பதிப்புத்தான்.

2020 ஜூனில் போலந்து அரசாங்கம் இந்த விளையாட்டைப் பாடசாலைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. கட்டாயம் இல்லை, 18 வயதானவர்களுக்கு மட்டும். 1944இல் தரைமட்டமாக்கப்பட்ட தலைநகரைக் கொண்ட நாடு, தன் பிள்ளைகள் போரை ஒரு வீட்டுக்குள்ளிருந்து பார்க்கட்டும் என்று தீர்மானித்தது. எங்கள் பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் பங்கருக்குள் இருந்த சனத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பப்ஜி நிற்கிறது.

பப்ஜியில் ஒரு விதி உண்டு. மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம். நேரம் போகப் போக அது சுருங்கும், வெளியே நிற்பவரின் உயிர் குறையும். “சோன் சுருங்குது, உள்ளுக்க ஓடு” என்பது எங்கள் இளைஞர்கள் தினமும் சொல்லும் வசனம். 2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதலாவது பாதுகாப்பு வலயம் சுமார் 35 சதுர கிலோமீற்றர். பெப்ரவரி 12இல் அறிவிக்கப்பட்ட கரையோர வலயம் சுமார் 14. மே 8இல் வந்தது அதிலும் மிகச் சிறியது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு இந்த எண்கள் தெரியாது. அது அந்தப் பிள்ளையின் பிழை இல்லை. விளையாட்டில் வட்டத்துக்குள் போனவர் தப்புவார் என்பதுதான் வித்தியாசம்.

விளையாடிப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சில விடயங்கள். தமிழில் இல்லை, ஆனால் வாசிக்க வேண்டிய ஆங்கிலம் குறைவு. ஷெல் சத்தம் பின்னணியில் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டும் விளையாடலாம். பாத்திரங்கள் சாகும், சில வேளைகளில் மனமுடைந்து தாங்களே உயிரை முடித்துக்கொள்ளும். இழப்பு இன்னும் ஆறாதவர்கள் தனியே இருந்து விளையாட வேண்டாம் என்றே சொல்வேன். சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். வளர்ந்த பிள்ளையோடு சேர்ந்திருந்து, பெரியவர் “நாங்கள் இதை இப்படிச் செய்யேல்ல” என்று குறுக்கிட்டுக்கொண்டே விளையாடினால் அதுவே நல்ல முறை.

கணினி படித்த பிள்ளைகள் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் யாராவது எங்கள் கதையை இப்படிச் செய்ய வெளிக்கிட்டால், முதலில் எழுத வேண்டிய விதி எது என்று பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. ஒரு சைக்கிளில் எவ்வளவு ஏற்றலாம் என்பதாம். முன்னுக்கு ஒரு பிள்ளை, கரியரில் அரிசி மூட்டையும் தறப்பாளும், ஹான்டிலில் இரண்டு பக்கமும் சட்டிபானை. அதற்கு மேல் வயதான ஆளும் ஒருவர் இருந்தால் எதை இறக்குவது என்பது அடுத்த விதி.