வேர்த்தடம் – 17: எந்த வட ஆற்காடு?

போன வாரம் அத்தையின் டிரங்குப் பெட்டியோடு நிறுத்தினேன். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி கப்பலேறிப் போன கதை தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம் தோல் மண்டிக் கணக்குப் புத்தகங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இடையில் ஒரு மாநாடு வந்தது. அந்த மாநாட்டால் ஒரு தேதி கையில் அகப்பட்டது. அதைச் சொல்லாமல் தோல் மண்டிக்குள் நுழைய என் மனம் ஒப்பவில்லை.

மாநாட்டின் பெயர் ரூட்ஸ்டெக். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில் 2011 முதல் நடக்கிறது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் கூடும் பெரிய திருவிழா அது. நடத்துவது ஃபேமிலிசெர்ச் என்ற அமைப்பு. அதன் பின்னால் இருப்பது மோர்மன் திருச்சபை. இறந்துபோன முன்னோருக்கும் பெயர் சொல்லி ஞானஸ்நானம் செய்யலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் வீட்டில் தர்ப்பணம் விட மூன்று தலைமுறைப் பெயர் தெரிந்தால் போதும். அவர்களுக்கு எத்தனை தலைமுறை கிடைத்தாலும் வேண்டும். அதனால் 1938இலேயே பழைய பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தேவாலயப் பதிவுகள், பிறப்பு இறப்புக் கணக்குகள் எல்லாம் போக, நம் ஹரித்துவார் பண்டாக்களின் வம்ச ஏடுகள்கூட அந்தப் படச்சுருளில் ஏறின. சால்ட் லேக் சிட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கருங்கல் மலையைக் குடைந்து அறை கட்டிச் சுருள்களைப் பத்திரப்படுத்தினார்கள். ஏறத்தாழ 24 லட்சம் சுருள்கள். அத்தனையையும் கணினிக்கு மாற்றி முடித்த ஆண்டு 2021.

அதே ஆண்டில் கொரோனாவால் மாநாடு முழுக்க இணையத்துக்கு வந்தது; கட்டணமும் இல்லை. பத்து லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே இரவு எட்டரை. அணைக்கட்டில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டேன். தெருமுனையில் ஷூ கம்பெனி பஸ் நின்று, ஆம்பூரில் வேலை முடித்த பெண்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

முதல் தடை ஒரு கட்டத்தில் வந்தது. தேடுகிற படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து நமக்கு முன்னால் நிற்கும். நம் பெயரின் முதல் எழுத்து பிள்ளைக்கு முன்னால் நிற்கும். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே போகும். போதாததற்குத் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். எங்கள் வகையறாவில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை நான்கு முறை வருகிறது. வெள்ளைக்காரர்கள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பதுபோல நாம் நடக்க முடியாது. நமக்குப் பிடிமானம் ஊர்ப் பெயர் ஒன்றுதான். இன்ன ஊர், இன்ன தெரு, இன்னார் மகன். நம் அடையாளம் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் எனக்கு இன்னொரு சங்கடம். அணைக்கட்டு என்று ஆங்கிலத்தில் எழுதினால் அணைகள் வந்து குவிகின்றன. தமிழிலிருந்து ஆங்கில அகராதிக்குப் போன சொற்களில் இதுவும் ஒன்று. 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலேயே இருக்கிறது. கல்லணைக்கு அவர்கள் வைத்த பெயர் கிராண்ட் அணைக்கட். கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டியது அப்பர் அணைக்கட். இத்தனை மதகுகளையும் தாண்டி ஒடுகத்தூர் ரோட்டில் இருக்கிற என் ஊர் எங்கே தெரியப் போகிறது?

மாநாட்டின் இரண்டாம் நாள் ஒரு வகுப்பில் சொன்ன பாடம்தான் இந்த வாரத்தின் திறவுகோல். பேச்சு முழுக்கப் போலந்தையும் ஜெர்மனியையும் பற்றியது. ஊருக்கு இன்றைக்கு உள்ள எல்லையை மறந்துவிடுங்கள், பதிவு எழுதிய அன்றைக்கு அந்த ஊர் யார் ஆளுகையில், எந்த மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் பாருங்கள் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் எனக்கு நம் ஜில்லா ஞாபகம் வந்தது. அன்றிரவே பழைய கெசட்டியரை எடுத்து உட்கார்ந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை, நடுவில் எட்டு வருஷம் நின்று போனது நீங்கலாக, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அதிகம் பேரை அனுப்பிய ஜில்லாக்களில் வட ஆற்காடு முன்னணியில் இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்று ஆறாவது பகுதியில் எழுதியிருக்கிறேன்.

அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, ஜில்லா, தாலுக்கா, கிராமம் என்று கட்டங்கள். பெண்ணுக்கும் தனி எண், கைக்குழந்தைக்கும் தனி எண். எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். முதலி அங்கே மூட்லி ஆனார். கவுண்டர் கோவெண்டர் ஆனார். மொரீஷியசில் ஆறுமுகம் ஆர்மூகம் ஆகி, சின்னத்தம்பி சினத்தாம்பு ஆகி, அவையே பரம்பரைக் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. கிராமப் பெயர்களும் இப்படியே உருமாறிக் கிடக்கின்றன. சந்தேகமில்லாமல் படிக்க முடிகிற ஒரே கட்டம் ஜில்லா. அதில் ‘நார்த் ஆற்காட்’ என்று இருக்கும்.

அதைப் பிடித்துக்கொண்டு டர்பனிலிருந்து பேரப்பிள்ளைகள் வேலூருக்கு வருகிறார்கள். வட ஆற்காடு என்றால் வேலூர்தானே என்று நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

இப்போது அந்தத் தேதி. 1911 ஏப்ரல் 1. அன்றைக்குத்தான் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. அதுவரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரமே சித்தூர்! கலெக்டர் உட்கார்ந்திருந்தது அங்கே. சந்திரகிரி, திருப்பதி, பலமனேரி, திருத்தணி, காளஹஸ்தி எல்லாம் வட ஆற்காடு. பிரிந்த பிறகுதான் வேலூர் தலைநகரமாயிற்று.

இன்னொரு தேதி 1911 ஜூலை 1. நேட்டாலுக்குக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திய நாள் அது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றே மாதம். இதை முதன்முதலில் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எழுந்து முற்றத்துக்குப் போய் நின்றுவிட்டேன். நேட்டால் பட்டியல்களில் ஐம்பது வருஷமாக எழுதிய வட ஆற்காடு, கடைசி மூன்று மாதம் நீங்கலாக, முழுக்க முழுக்கப் பழைய, பிரியாத வட ஆற்காடு. டர்பனில் இருக்கும் ஒரு நாயுடு குடும்பம் குடியாத்தத்திலும் பள்ளிகொண்டாவிலும் தெருத்தெருவாக விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அவர்கள் ஊர் சந்திரகிரிப் பக்கம் இருக்கும், இன்றைக்கு ஆந்திரம். திருத்தணி 1911இல் சித்தூரோடு போய், 1960இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே கிணறு, ஒரே கோயில். விலாசம் மட்டும் இத்தனை முறை மாறியிருக்கிறது.

ஃபிஜிக்குப் போனவர்கள் கதை இன்னும் சிக்கல். சென்னையிலிருந்து ஃபிஜிக்குக் கூலி எடுத்தது 1903 முதல் 1916 வரை. நடுவில் 1911 வருகிறது. ஒருவர் 1908இல் ஏறியிருந்தால் அவருடைய வட ஆற்காடு வேறு. அவர் தம்பி 1913இல் ஏறியிருந்தால் அவருடைய வட ஆற்காடு வேறு. அந்த வீடு சந்திரகிரிப் பக்கம் என்றால், இரண்டு பேரும் ஒரே வீட்டில் பிறந்திருந்தாலும் இரண்டு ஜில்லாக்காரர்களாகப் பதிவாகியிருப்பார்கள்.

நம் தோல் பூமிக்கு வந்தால் இன்னும் வியப்பு. அந்தக் காலத்தில் ஆம்பூர் வேலூர் தாலுக்காவில் இருந்தது. வட ஆற்காடு ஜில்லா. பக்கத்திலிருக்கும் வாணியம்பாடி திருப்பத்தூர் தாலுக்கா. அது சேலம் ஜில்லா! திருப்பத்தூர் தாலுக்கா சேலத்திலிருந்து நம் பக்கம் வந்ததும் அதே 1911இல். ஆம்பூரில் பெண் கொடுத்து வாணியம்பாடியில் பெண் எடுத்த ஒரு குடும்பத்தில், சம்பந்திகள் இருவரும் வெவ்வேறு ஜில்லாவின் ஏடுகளில் கிடப்பார்கள். இன்று இரண்டு ஊரும் திருப்பத்தூர் மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்ததையும், 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்ததையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேர் தேடி வருகிறவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அயலகத் தமிழர் பிள்ளைகளுக்காக நம் அரசு ‘வேர்களைத் தேடி’ என்று ஒரு நல்ல திட்டம் நடத்துகிறது. பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குட்பட்டவர்களை அழைத்து வந்து கோயில்களையும் சிற்பங்களையும் காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் கையில் 1911க்கு முந்தைய தாலுக்கா வரைபடம் ஒன்றையும் கொடுத்தால் பாதி வேர் அங்கேயே பிடிபடும்.

என் சின்னக் கொள்ளுத்தாத்தாவை அணைக்கட்டுத் தாலுக்காவில் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு தாலுக்கா அன்றைக்கு இல்லை. வேலூர் தாலுக்காவில் தேடியிருக்க வேண்டும். அத்தையிடம் போய்ச் சொன்னேன்.

“இன்னாபா ஜில்லா, தாலுக்கான்னு? எங்க பாட்டி மோரீசுன்னு சொல்லுவாங்க, நேட்டாலுன்னும் சொல்லுவாங்க. கடலுக்கு அந்தாண்ட போனாரு, அவ்ளோதான். ஆனா ஒண்ணு, படவேட்டம்மனுக்கு முடிஞ்சி வெச்ச காசை எடுத்துக்கினுதான் போனாரு.”

அத்தை சொன்ன அந்தக் கடைசி வரி எனக்குப் பெரிது. ஊர்ப் பெயர் தேய்ந்துபோன குடும்பங்களிலும் குலதெய்வம் தேயாமல் இருப்பதை டர்பனிலும் ஃபிஜியிலும் ரீயூனியனிலும் பார்க்கலாம். திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பது அங்கெல்லாம் இன்னும் நடக்கிறது. குலதெய்வத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்து சேருவதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு நாள் பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் இறங்கினேன். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அடங்கிய இடம். 1815இல் பிடிபட்டு, மறு வருஷம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று இங்கேயே இறந்தார். அவரோடு வந்த உறவினருக்கு ஆங்கிலேயர்கள் படி கொடுத்தார்கள். படி கொடுத்தால் கணக்கு வேண்டும். யாருக்கு யார் மகன், யாருக்கு யார் மனைவி என்று எழுதி வைத்தாக வேண்டும். அந்த மண்டபத்தில் நின்றபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. காசு கைமாறுகிற இடத்தில்தான் பெயர் எழுதப்படுகிறது. ராஜாவின் சந்ததி படிக் கணக்கில் இருக்கிறது. கூலிக்குப் போனவன் தோட்ட முதலாளி கொடுத்த விலைக்காகக் கப்பல் கணக்கில் இருக்கிறான். ஊரிலேயே உழுது, ஊரிலேயே செத்த என் கொள்ளுத்தாத்தா எந்தக் கணக்கில் இருக்கிறார்?

விடை அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. மொய் நோட்டு. நான்கு கல்யாணம், ஒரு காதுகுத்து. ஊர், தகப்பன் பெயர், பெயர், தொகை. மாநாட்டில் காட்டிய பதிவேடுகளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கப்பல் பட்டியலின் பாதிக் கட்டங்கள் இதில் அப்படியே இருக்கின்றன. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் ஒரு பெயரும் விடுபடாது. எந்த ஊரில் நமக்குப் பங்காளி, எந்த ஊரில் சம்பந்தி என்பது மொய் வரிசையிலேயே தெரிந்துவிடுகிறது. என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அவர் மகன் எழுதிய மொய்யில், தகப்பன் பெயராக, ஒன்றேகால் ரூபாய்க்கு எதிரே இருக்கிறது. ஒரே ஒரு குறை. ஐந்து நோட்டிலும் பெண் பெயர் இரண்டே இரண்டு. கப்பலேறிய பெண்ணுக்கு ஒரு எண்ணாவது கிடைத்தது. வீட்டில் இருந்தவளுக்கு அதுவும் இல்லை.

தோல் மண்டிக் கணக்குப் புத்தகங்களும் காசு கைமாறிய ஏடுகள்தான். ஆவாரம் பட்டை கொண்டுவந்தவர், தோல் சுமந்தவர், கூலி வாங்கியவர் என்று அவற்றில் யார் யார் பெயரெல்லாம் இருக்கின்றன என்பதை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன்.

அதுவரைக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதன் கடைசிப் பக்கத்தில் உங்கள் பாட்டியின் பெயர், பாட்டியின் தாயார் பெயர், அவர்கள் பிறந்த ஊர் மூன்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். ஊருக்குப் பக்கத்தில் அன்றைய தாலுக்காவையும் எழுதுங்கள்.