சித்தாளும் ஸ்டெனோகிராபரும்

என் வீட்டு மாடியைக் கட்டிய நாட்களில், சனிக்கிழமை சாயங்காலந்தோறும் மேஸ்திரி கூலி பட்டுவாடா செய்வதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மணலையும் சிமெண்டையும் மண்வெட்டியால் புரட்டிக் கலவை போட்டவனுக்குப் பெரியாள் என்று பெயர். அந்தக் கலவையைச் சட்டியில் வாங்கி, சும்மாட்டின்மேல் ஏற்றி, ஆடுகிற சாரப்பலகையில் பொழுதெல்லாம் ஏறியிறங்கிக் கொத்தனாரின் கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவளுக்குச் சித்தாள் என்று பெயர். வந்த நேரமும் ஒன்று, கரையேறிய நேரமும் ஒன்று. எண்ணி வைத்த ரூபாய் மட்டும் ஒன்றாக இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது சித்தாள் கூலிங்க" என்றார் மேஸ்திரி. அதற்குமேல் வியாக்கியானம் தேவை என்றே அவருக்குத் தோன்றவில்லை. சின்ன ஆள் என்று பெயர் வைத்தபோதே கூலியையும் சின்னதாக நிர்ணயித்துவிட்டார்கள் போலும்! பெரியாள் கரண்டி பிடித்துப் பழகி நாலைந்து வருஷத்தில் கொத்தனாராகிவிடுவான்; சித்தாளோ தலை நரைத்த பிறகும் சித்தாள்தான்.

படித்தவர்களின் ஆபீஸ்களில் இந்த அநியாயம் இராது என்று நினைத்தால் அது பிரமை. பம்பாயில் மக்கின்னன் மெக்கென்சி என்ற கப்பல் கம்பெனியில் ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண்மணி, 'அந்தரங்க லேடி ஸ்டெனோகிராபர்' என்ற உத்தியோகத்தில் இருந்தார். சுருக்கெழுத்தில் குறிப்பெடுப்பதும் டைப் அடிப்பதுமாக அவர் செய்த அதே வேலையைச் செய்த ஆண்களுக்குச் சம்பளம் அதிகம். சமமான வேலைக்குச் சமமான ஊதியம் என்பதை அரசியல் சாசனத்தின் 39-ஆவது ஷரத்து ஒரு லட்சியமாகச் சொல்லியிருக்க, அதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1976-இல்தான் வந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட பின் அந்தச் சட்டத்தின் பலத்தில் அவர் வழக்காடினார். லேடி ஸ்டெனோகிராபர்கள் பெரிய அதிகாரிகளின் அந்தரங்க உதவியாளர்கள், ஆகவே தனி இனம் என்றும், தொழிற்சங்கமே ஒப்புக்கொண்ட சம்பள விகிதம் என்றும், கொடுக்கப் பணவசதி இல்லை என்றும் கம்பெனி வாதித்தது. அந்தரங்கத்தைக் காப்பாற்றும் பொறுப்புள்ளவருக்குச் சம்பளம் கூடுவதுதானே உலக வழக்கம்? இங்கே அதுவே குறைப்பதற்குக் காரணமாயிற்று! சுப்ரீம் கோர்ட் 1987-இல், பெயர் எதுவானாலும் வேலையின் தன்மை ஒன்றுதானா என்றே பார்க்கவேண்டும், பணமில்லை என்பது சமாதானம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. ஆணின் சம்பளத்தைக் குறைத்துச் சமப்படுத்தும் தந்திரத்துக்கும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்ற ஊரிலுள்ள போர்டு மோட்டார் தொழிற்சாலையில், கார் ஆசனங்களுக்கு உறை தைத்த பெண்களின் வேலையைத் தேர்ச்சி குறைந்த வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். 1968-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் கூலி சற்று உயர்ந்ததும், 1970-இல் சம ஊதியச் சட்டம் பிறந்ததும் உண்மையே. ஆனால் தையல் தேர்ச்சியுள்ள வேலைதான் என்று கம்பெனி ஒப்புக்கொள்ள, இன்னொரு வேலைநிறுத்தமும் 1984-ஆம் வருஷமும் வரவேண்டியிருந்தது.

மேஸ்திரி நோட்டை மூடியதும் பெரியாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சித்தாள் ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு, கலவைச் சட்டிகளைத் தேய்த்துக் கழுவி, சுவரோரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.